பதினெட்டு வயதுக்கு எந்த மாடி?

போன வாரம்தான் என் தங்கைக்குப் பதினெட்டு முடிந்தது. இன்று பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் பிடித்து, வழக்கமான சிறுவர் மனநல கிளினிக்குக்குப் போனோம்.

அங்கிருக்கும் டாக்டரிடம் வாய் திறக்கவே அவளுக்கு ஒரு வருடம் ஆனது.

கவுண்டர் அக்கா ஐசியில், அதாவது அடையாள அட்டையில், நம்பரைப் பார்த்ததுமே, "இவங்க பெரியவங்க ஆயிட்டாங்க லா. மேல் மாடியில பெரியவங்க கிளினிக்குக்குப் போங்க" என்றார்.

மேல் மாடியில் இருந்தவர், "புது கேஸ். அஞ்சு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

"அண்ணே, மாத்திரை ரெண்டு வாரத்துக்குத்தான் இருக்கு."

"நான் என்ன செய்றது? வரப்ப அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. சின்னப்பிள்ளை தனியா சம்மதப் பாரத்துல கையெழுத்துப் போட முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு மாடிக்கும் நடுவில் படி இருக்கிறது. மாத்திரை தீர்ந்ததும் இவளை அங்கேயே உட்கார வைத்துவிடட்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.