சதுர மீட்டர் கணக்கில் அடுப்புக் கரி

பதுளை நகரில் கட்டட வரைபட அலுவலகமொன்றில் வேலை செய்கிறேன். கணினியில் சுவர் எழுப்பி, அதற்குப் பூச்சு, ஓடு, கல் என்று மேற்பரப்புப் போர்த்தி, அளவெடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. போன வருடம் தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சொகுசு விடுதி கட்டுவதற்கான வேலை வந்தது. விடுதியின் வடிவம் என்ன தெரியுமா? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம். வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், மேலே தகரம், உள்ளே வெந்நீர்த் தொட்டி.

சுவர்கள் புகை படிந்து, காரை பெயர்ந்து, உண்மையாக இருக்க வேண்டும் என்றார் கொழும்பிலிருந்து வந்த கட்டடக் கலைஞர். உண்மைக்கு நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. என் அக்கா அதே தோட்டத்து லயத்தில்தான் இருக்கிறாள். அவளுடைய அடுப்படிச் சுவரைப் படமெடுத்து வந்தேன்.

மழை பிடித்தால் அந்தச் சுவர் வழியே தண்ணீர் இறங்கிப் பிள்ளைகளின் பாய் நனைந்துவிடும். அதைப் பூசச் சீமெந்தும் ஆளும் நானே தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். லயம் தோட்டத்தின் சொத்து என்பதால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் அனுமதிக்காகத்தான் காத்திருந்தோம்.

படத்தைக் கணினிச் சுவரில் போர்த்தினேன். ஒரே படம் திரும்பத் திரும்ப ஒட்டியதால், அக்காவின் அடுப்புக் கரிக்கறை மீட்டருக்கு ஒரு தடவை அச்சுப் பிசகாமல் வந்து நின்றது. இயற்கையாக இல்லையே என்று கலைஞர் முகம் சுளித்தார். கரியைக் கலைத்துப் போட்டேன். கதவு, ஜன்னல் கழித்து எத்தனை சதுர மீட்டர் கரி என்று மென்பொருள் துல்லியமாகச் சொன்னது. நிஜச் சுவரில் பூசப்போகும் இந்தக் கரி விருந்தாளிகளின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிவிடக் கூடாதாம். அதற்கு மேலே ஒரு மெழுகுப் பூச்சு. எங்கள் வீட்டு அழுக்குக்கு இவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததேயில்லை.

துரை அலுவலகத்துக்கு வந்து திரையைப் பார்த்துச் சொக்கிப்போனார். நல்ல நேரம் பார்த்து அக்காவின் சுவரைப் பற்றிக் கேட்டேன்.

"ஐயோ, அதப் பூசிறாதீங்க. ஓட்டலுக்கு வாறவங்க அப்படியே நடந்து வந்து நெச லயத்தப் பாக்க வேணாமா?"

மனதுக்குள் அவரைத் திட்டினேன். வாய்தான் "சரிங்க" என்றது.

அன்று மாலையே பஸ் ஏறிப் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சட்டியைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஓட்டல் செவுரு ஒழுகுமா தம்பி?"

"ஒழுகாதுக்கா. தண்ணி எறங்காத பூச்சு போடுறாங்க."

"அப்ப சுருக்கா கட்டி முடிக்கச் சொல்லு. மழைக்குப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அங்க போயிர்றேன். எங்க வீட்டுக் கரிதானே, யாரு என்னா கேக்கப்போறாங்க?"