ருக்மணி அக்கா வீட்டு ரெண்டு கலர் ரோஜா

ஓமவல்லி இலையைக் கிள்ளிய கையில் அந்த வாசம் சாயங்காலம் வரை நிற்கும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது...

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி, கிணத்துக்கடவிலிருந்து கோயமுத்தூர் கணபதிக்கு வந்து சேர்ந்த புதிது. இவர் ஒரு பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். வாடகை வீடுதான், ஆனால் பின்னால் துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண் இருந்தது. காலையில் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் எனக்குத் துணை அந்த மண்தான்.

அப்புறம், ருக்மணி அக்கா. இடுப்புயரக் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். என் தோட்டத்தில் இருந்த ஓமவல்லி, துளசி, தூதுவளை, டிசம்பர் பூ, மருக்கொழுந்து எல்லாமே அவர் கொடுத்ததுதான். வாய்விட்டுக் கேட்கக்கூட வேண்டாம், சுவருக்கு மேலே கை நீளும்.

ஒன்றைத் தவிர.

அவர் வீட்டு முன்வாசலில் ஒரு ரோஜா இருந்தது. இதழின் உள்பக்கம் சிவப்பு, வெளிப்பக்கம் மஞ்சள். பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்த எந்த வீட்டிலும் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஒரு குச்சி கேட்டேன்.

“அது மட்டும் வேண்டாம் அம்மணி. வேற எது வேணும்னாலும் பறிச்சுக்கோ.”

ஏன் என்று சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார். மூன்றாம் முறை நான் கேட்கவில்லை... எடுத்துவிட்டேன்.

அக்கா ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போயிருந்த ஒரு முற்பகல். பென்சில் கனத்தில் ஒரு குச்சி. கொசுவத்துக்குள் செருகிக்கொண்டு நடந்ததில் முள் இடுப்பைக் கீறிவிட்டது. நுனியில் சாணி உருண்டை வைத்து, துவைக்கிற கல்லுக்குப் பின்னால், அக்கா பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் நட்டேன். நன்றாகவே பிடித்துக்கொண்டது.

மொட்டு வந்த பிறகுதான் உறைத்தது. செடியை மறைக்கலாம், பூவை எப்படி மறைப்பது? ரோஜா பூத்தால் வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள், நிறத்தைச் சொல்வார்கள். அந்த நிறத்தில் தெருவில் இருந்தது ஒரே செடி.

நிறம் தெரியும் முன்பே அந்த மொட்டைக் கிள்ளினேன். அடுத்ததையும்... அதற்கடுத்ததையும்... ஏறக்குறைய ஒரு வருடம். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். கிள்ளியதை மண்ணுக்குள் புதைத்துவிடுவேன். எந்தப் பூவுக்கு ஆசைப்பட்டேனோ அதை என் வீட்டில் ஒரு நாள்கூட நான் பார்க்கவில்லை. பூக்காத செடி எதற்கு, பிடுங்கிவிட்டுக் கறிவேப்பிலை வைக்கலாம் என்று இவர் வேறு சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த ஐப்பசியில் அடைமழை. அக்கா வீட்டு முன்வாசலில் பத்து நாள் தண்ணீர் தேங்கி நின்றதில் ரோஜாவின் வேர் அழுகிவிட்டது. தண்டு அடிவரை கறுத்து, தொட்டதும் கையோடு வந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு செடிக்கா இவ்வளவு என்று நினைத்தேன்.

அக்காவின் வீட்டுக்காரர்தான் இவரிடம் சொல்லியிருக்கிறார். அது அக்காவின் தம்பி கோத்தகிரியிலிருந்து கொண்டுவந்து நட்ட செடி. தேயிலை லாரி ஓட்டியவர். நட்ட மறுமாதமே மலைப்பாதையில் விபத்து, ஆள் போய்விட்டார். குச்சி ஒடித்தால் செடி பட்டுப்போய்விடுமோ என்று அக்காவுக்குப் பயம்.

சொன்னால் நான் திருடி. சொல்லாமல் இருந்தால் அதைவிட மோசம்.

மறுநாள் காலை சுவரோரம் போய் நின்றேன்.

“அக்கா... உங்க செடி சாகலீங்க. எங்கூட்டுல ஒன்னு இருக்குதுங்க.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பிறகு சுற்றிக்கொண்டு வந்து, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். கிளை நுனிகளை விரலால் தடவினார்.

“மொட்டெல்லாம் ஏன் கண்ணு கிள்ளி வெச்சிருக்கற?”

“பூத்தா உங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்களே.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “ஒன்னையாச்சும் பூக்க உட்டிருக்கலாமில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் பேச்சே இல்லை. நான் மொட்டைத் தொடுவதை நிறுத்தியிருந்தேன். முதல் பூ விரிந்த காலையில், அக்கா துணி காயப்போடும் சத்தம் கேட்டதும், பூத்திருக்குதுங்க அக்கா என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். கொஞ்சம் கழித்து ஆளே வந்துவிட்டார். ஒரு கையில் பிளேடு, மறு கையில் இலையில் பொதிந்த சாணி. பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒரு குச்சி குடு அம்மணி.”

தன்னுடைய செடியை என்னிடம் கேட்டார். பென்சில் கனத்தில் ஒன்றைப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன்...

அதுவும் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு யார் கேட்டாலும் அக்கா இல்லை என்று சொன்னதில்லை. ஒரே இடத்தில் இருந்தால்தானே பயம் என்பார். இரண்டு வருடத்தில் எங்கள் தெருவில் ஆறேழு வாசலில் அந்த நிறம் இருந்தது.

இப்போது சரவணம்பட்டியில் ஃபிளாட், மூன்றாவது மாடி. அக்கா தன் மகளோடு ஈரோட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஃபோனில் பேசிக்கொள்வோம். செடி வேண்டுமென்றால் எந்த நிறமும் தொட்டியோடு வீட்டுக்கே வந்து இறங்குகிறது. எதிர் வீட்டுக்காரர்களின் பெயர்தான் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

ஓமவல்லி, துளசி, அந்த ரோஜா எல்லாவற்றையும் கதவுக்கு வெளியே, லிஃப்டுக்குப் போகிற வழியில்தான் வைத்திருக்கிறேன். எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள், வருகிறார்கள்...

இதுவரை யாரும் ஒரு குச்சிகூட ஒடிக்கவில்லை.