மார்லி கிட்டோ கட்டிய வலை

போர்த்கெல்லன் துறைமுகத்தில் கடற்காகத்தைத் திட்டாத ஆள் கிடையாது. கறி வைத்துச் சுட்ட பேஸ்டியைக் கடிக்க வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வந்து பிடுங்கிக்கொண்டு போகும். விடியுமுன்பே கூரையில் உட்கார்ந்து கத்தும். துவைத்துக் காயப்போட்டதில் வெள்ளைத் துணியாகப் பார்த்து எச்சமிடும். ஆனாலும் அதன் மேல் கைவைக்கச் சட்டம் விடாது. கூடு கட்டத் தொடங்கிவிட்டால் கலைப்பது குற்றம், முட்டையைத் தொட்டால் வழக்கு. அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மார்ச் ஐந்தாம் தேதி, புனித பிரானின் திருநாளில், அவருடைய கறுப்புக் கொடி ஏறுவதற்குள், கூடு கட்ட இடம் கிடைக்காதபடி புகைபோக்கிகளுக்குக் கம்பி வலை கட்டி முடித்துவிட வேண்டும். கொடி ஏறிய பிறகு எந்தக் கூரைக்காரனும் புகைபோக்கிப் பக்கம் ஏணி சாத்த மாட்டான்.

இந்த வழக்கத்துக்கே காவல்காரன் போல நடந்துகொண்டவர் மார்லி கிட்டோ. முப்பத்தைந்து வருடமாகக் கூரை வேலை. பறவைச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மதுக்கடையில் யாராவது "அந்தச் சனியன்களைச் சுட்டுத் தள்ளணும்" என்றால் போதும், கையிலிருந்த பீரை வைத்துவிட்டு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார். பேச்சோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மே மாதம், நண்டு பிடிக்கும் ஐவர் டேஞ்சி என்பவர் தன் கொட்டகைக் கூரையிலிருந்த கூட்டைத் துடைப்பக்கட்டையால் தள்ளிவிட்டார். ஐவரும் மார்லியும் பள்ளியில் ஒரே பெஞ்சு. மார்லி பார்த்தார், நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். ஐவருக்கு அபராதம், உள்ளூர்ப் பத்திரிகையில் படம். பதினெட்டு வருடம் உயிர்காக்கும் படகில் புயலுக்குள் போய்வந்த மனிதரை ஊர்ப் பிள்ளைகள் 'முட்டை உடைச்சான்' என்று கூப்பிட்டார்கள். யாராவது அதைச் சொல்லி வருத்தப்பட்டால், சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்பார் மார்லி.

இந்த வருடம் அவரே வழுக்கினார். ஐவரின் பக்கத்து வீட்டில் விருந்தினர் விடுதி நடத்தும் தெல்மா ஹாஸ்கன், ஜனவரியிலேயே வலை கட்டித் தரச் சொல்லியிருந்தாள். மார்லி சரி சரி என்று சொல்லிவிட்டு, தேவாலயக் கூரை வேலையில் அதைச் சுத்தமாக மறந்துபோனார். ஏப்ரல் கடைசியில் தெல்மா கடைத்தெருவில் அவரைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் கத்தல் தாங்காமல் பாதி விருந்தினர் பாதியிலேயே கிளம்பியதைச் சொல்லி, கண் கலங்க நின்றாள்.

"நீ செஞ்சு தர்றேன்னு சொன்னதாலதானே ராசா, நான் வேற ஆளைக் கூப்பிடல."

இதைத்தான் மார்லியால் தாங்க முடியவில்லை. நாள் தப்பிவிட்டது, இனி ஆகஸ்டு கழிந்துதான் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் மார்லி கிட்டோ சொன்ன வேலையை மறந்தார் என்று ஊர் பேசுமே! கடலிலிருந்து மூடுபனி ஏறி எதிர்வீடே தெரியாத ஒரு காலையில், தெல்மா ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஏணியைச் சாத்தினார்.

புகைபோக்கிகளின் நடுவே காய்ந்த புல்லும் கடற்பாசியுமாகக் கூடு இருந்தது. அதில் மூன்று முட்டைகள். பறவை பனிக்குள் எங்கோ எழும்பிக் கத்தியது. மார்லி ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. அப்போதாவது இறங்கியிருக்க வேண்டும். பார்க்கவே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வலையை இழுத்து நாலு மூலையிலும் முறுக்கினார்.

மத்தியானம் பனி விலகியது. கடற்காகம் வலைமேல் நின்றது. முட்டைகள் அதன் காலுக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் இருந்தன. நெஞ்சைக் கம்பியில் வைத்து அழுத்திப் படுத்துப் பார்த்தது. எழுந்து திரும்பி நின்று மறுபடி படுத்தது. மறுநாளும் அதே கதை, மூன்றாம் நாளும் அதே கதை. துறைமுகத்தில் எங்கே நின்றாலும் அந்தப் புகைபோக்கி தெரியும். கடற்காகத்தைக் கண்டாலே கல்லெடுக்கிறவர்கள்கூட அண்ணாந்து பார்த்துவிட்டு, எந்தப் பாவி இதைச் செய்தான் என்றார்கள். ஏறி எடுத்தால் பழி தன் தலையில் விழுமோ என்று யாரும் ஏணி சாத்தவில்லை. மார்லி பேஸ்டி வாங்கப் போவதை நிறுத்தினார். தலையைக் குனிந்தே நடந்தார்.

தான் அன்று டிரூரோவில் தங்கை வீட்டில் இருந்ததாகத் தெல்மா சொன்னாள். அது உண்மை. வலை கட்டச் சொன்னது தான்தான் என்ற மீதி உண்மையை அவள் சொல்லவில்லை. ஊர் ஐவரைப் பார்த்தது. பக்கத்து வீடு, பழைய வழக்கு, வேறென்ன வேண்டும்? காவல்துறைப் பெண் ஒருத்தி இரண்டு தடவை அவர் வீட்டுக்கு வந்துபோனாள்.

ஆறாம் நாள் காலையில் ஐவரே மார்லியின் கதவைத் தட்டினார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் மார்லி நினைத்தார். சண்டையாக இருந்திருந்தால் தேவலை. ஐவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உதவி கேட்டு நின்றார்.

"முட்டி போயிடுச்சு மார்லி. ஏணி ஏறி ரெண்டு வருஷமாச்சு. ஸ்டேஷன்ல நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. உன் வார்த்தைன்னா அங்க மதிப்பு."

மார்லிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சரி வருகிறேன் என்று சொல்லி, அந்த ஒரு வார்த்தையையும் சொல்லி, நல்லவர் பட்டத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பலாம். அந்த எண்ணம் வந்ததே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"ஐவர், அதைக் கட்டினது நான்தான்."

ஐவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"போன தடவை என் வீட்டைத் தாண்டித்தானே ஸ்டேஷனுக்குப் போனே? நின்னு கதவைத் தட்டி, ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேட்டியா? இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்றே? அன்னைக்குப் போன மாதிரியே நேரா போ."

மார்லி போனார். வழியில் நாலு பேர் காலை வணக்கம் சொன்னார்கள். ஒவ்வொன்றும் முதுகில் விழுந்த அடியாக இருந்தது. நிலையத்தில் அந்தக் காவல்துறைப் பெண் அவர் சொல்வதை எழுதிக்கொண்டே வந்து, அவர் பெயரைக் கேட்டதும் பேனாவை நிறுத்தினாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி தகவல் கொடுத்தது நீங்கதானே?"

ஆமாம் என்றார்.

வலையை அவரே எடுக்க வேண்டும் என்று அன்று மாலையே உத்தரவானது. தெருவே கூடியிருந்தது. தெல்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். அன்று பனியில் துணிந்து தனியே ஏறினாரே தவிர, அந்தச் சரிவான தெருவில் ஏணியின் அடியை ஒருவர் பிடித்தே ஆக வேண்டும். எத்தனையோ வருடம் அவரோடு வேலை செய்தவர்கள் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஐவர்தான் நொண்டிக்கொண்டு வந்து பிடித்தார். மார்லியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மார்லி முறுக்குகளை அவிழ்த்து, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கினார். பறவை அவருக்காகக் காத்திருக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் வந்து இறங்கி, ஆறு நாள் ஆறிக் கிடந்த, இனிப் பொரியாத முட்டைகளை அலகால் ஒவ்வொன்றாக அணைத்து, நெஞ்சுக்குக் கீழே தள்ளி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. மார்லி ஏணியைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். மேலே பார்க்கவும் முடியவில்லை, கீழே பார்க்கவும் முடியவில்லை.

"இறங்குடா," என்றார் ஐவர் கீழேயிருந்து. "முட்டி வலிக்குது."