ஆண்டாள் காட்டிய மோட்டார் பட்டறை

போன ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம் என் வேலை போனது. இராஜபாளையத்து நூல் மில் ஒன்றில், நூலைக் கோனில் சுற்றும் பிரிவிலேயே நரைத்தவன் நான். பிரிவையே மூடிவிட்டார்கள். வீடு நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் ஒன்றுகூட எனக்குச் சம்பளம் தர முன்வரவில்லை.

சில மாதத்தில் சான்றிதழ் தரும் தொழிற்பயிற்சியில் சேரச் சொன்னார்கள். வெல்டிங், ஏசி மெக்கானிக், மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது. ஒன்றைத்தான் எடுக்கலாம். தப்பாக எடுத்தால் இன்னொன்று படிக்கும்வரை வீடு தாங்காது. தூக்கம் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஆண்டாள் சன்னதியில் நின்று அழுதேன். "தாயே, நீயே காட்டு."

பிரகாரத்தில் நானும் மனைவி செல்வியும் உட்கார்ந்து பூக்கட்டிப் பார்த்தோம். மூன்று நிறப் பூ, மூன்று பொட்டலம். மஞ்சள் என்றால் ஏசி. குளுகுளு வேலை என்று எனக்கு அதன்மேல் ஆசை. செல்வி எடுத்தாள். சிவப்பு வந்தது. சரியாகக் குலுக்கவில்லை என்றேன். வெள்ளை வந்தது. திசை சரியில்லை என்றேன். மஞ்சள் வந்ததும், "தாயார் சொல்லிட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அவ எங்க சொன்னா? நீங்கதான சொல்ல வச்சீக!" என்றாள் செல்வி. "பெருமாளுக்குப் போற மாலையையே தான் போட்டுப் பாத்துட்டுக் குடுத்தவ அவ. நீங்க ஒரு வேலையவும் தொட்டுப் பாக்காம பூவ உருட்டிக்கிட்டு இருக்கீக."

உள்ளே மணி அடித்தது. தினமும் அடிக்கிற மணிதான். எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது.

மூன்றையும் தொட்டுப் பார்க்கக் கிளம்பினேன். ஏசியின் பாதி மொட்டை வெயிலில், மூன்றாம் மாடிச் சுவருக்கு வெளியே தொங்குகிறது. எந்தப் புத்தகமும் இதை எனக்குச் சொல்லவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்த என் கையைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வெல்டிங் பட்டறையில் ஒரு பொறி, என் நல்ல வேட்டியைச் சல்லடையாக்கிவிட்டு அணைந்தது.

கடைசியாக முத்தையா அண்ணாச்சியின் மோட்டார் பட்டறை. செம்புக் கம்பியைக் கையில் கொடுத்தார். இறுக்காமல், தொய்யவிடாமல் விரல்கள் தாமாகவே சுற்றின. மில்லில் நூலுக்குப் பார்த்த அதே பக்குவம்.

"ஏலே, இங்க வந்து பாருங்கலே!" என்று ஆட்களைக் கூப்பிட்டார். என்னிடம், "இம்புட்டையும் கையில வச்சுக்கிட்டு என்னத்துக்குவே ஊரெல்லாம் சுத்துனீரு?" என்றார்.

படித்தேன். சான்றிதழ் வந்தது. அண்ணாச்சியிடமே வேலை. சென்ற வாரம் மகாராஜபுரத்துத் தோட்டம் ஒன்றில் நான் கட்டிய மோட்டாரை ஓட்டினார்கள். குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் பாய்ந்தது. நனைந்தபடியே கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் எந்தத் திசை என்று யோசிக்கவில்லை, அவள் கோபிக்கமாட்டாள்.

குழம்பி நிற்பவர்களே, அவளிடம் கேளுங்கள். கட்டாயம் சொல்வாள். எனக்குச் செல்வியின் குரலில் சொன்னாள், கொஞ்சம் காரமாகவே. உங்கள் பக்கத்தில் நிற்பவர் பேசும்போது பூவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.