யாரு பெத்த பிள்ளையோ

எங்கள் வீட்டுத் தீபாவளி அக்டோபர் இரண்டாம் தேதி வரும். ஊருக்கெல்லாம் வருகிற தீபாவளியன்று தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதோடு சரி. முறுக்கும் அதிரசமும் காந்தி ஜெயந்திக்குத்தான். போன வருஷம் மிச்சம் பிடித்து வைத்த கம்பி மத்தாப்பை அம்மா மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டு எடுத்துத் தருவாள். காந்தி பிறந்த நாளுக்கு மத்தாப்புக் கொளுத்துகிற தேசபக்தக் குடும்பம் என்று தெருவில் எங்களுக்கு நல்ல பெயர்கூட இருந்தது.

அப்பா அரசாங்க மதுக்கடையில் சூப்பர்வைசர். தீபாவளி, பொங்கல், வருஷப் பிறப்பு என்று ஊர் சந்தோஷமாக இருக்கிற நாளெல்லாம் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. குற்றாலத்தில் சாரல் கட்டி, எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வேன் பிடித்து அருவியில் குளிக்க வருவார்கள். மினிபஸ் ஏறினால் அருவியில் போய் இறங்குகிற தூரத்தில் இருந்த என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆள் கிடையாது. கடைக்குப் பூட்டுப் போட வைத்த புண்ணியவான்கள் காந்தி, வள்ளுவர், வள்ளலார், மகாவீரர் என்று சிலர்தான். மகாவீரர் யார், எந்த ஊர் என்று தெரியாமலே நான் அவருக்குப் பக்தையாக இருந்தேன்.

நாங்கள் இருந்தது குத்துக்கல்வலசையில், வயலை பிளாட் போட்டுப் புதிதாக முளைத்த தெரு. யாருக்கும் யாரையும் முன்பின் தெரியாது. அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கவர்மெண்ட்ல, ஷிப்ட் வேலை" என்று சொல்ல அம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். பேச்சு கொடுத்தால் கேள்வி வரும் என்பது அவள் பயம். அதனால் கதவு சாத்தியே இருக்கும். நான் ஜன்னல் வழியாக மற்றப் பிள்ளைகள் பாண்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குள் தனியாகக் கட்டம் போட்டு நானே இரண்டு பேராக ஆடுவேன். இரண்டு பேரில் ஒருத்தி எப்போதும் தோற்றாக வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பாவின் வேலை தெருவில் பாதி ஆண்களுக்குத் தெரியும். இரண்டு ஸ்டாப் தள்ளி, தென்னந்தோப்பை ஒட்டித் தகரம் போட்டிருந்த அந்தக் கடையின் கம்பி வலைக்கு முன்னால் நின்று அவரைப் பார்த்தவர்கள்தானே. ஆனால் ஒருவரும் தம் மனைவியிடம் சொல்ல முடியாது. "உமக்கு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். எதிரே அப்பா வந்தால் அண்ணாச்சிமார் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அம்மாவைவிட அவர்கள்தான் எங்கள் ரகசியத்தை நன்றாகக் காப்பாற்றினார்கள்.

அந்த வைகாசியில் சாரல் இன்னும் தொடங்கவில்லை. பள்ளிக்கூட லீவு. அம்மா ஆஸ்பத்திரிக்கென்று தென்காசிக்குப் போயிருந்தாள். நான் நடையில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் பெண்கள் கூட்டமாகப் போனார்கள். நடுவில் மூன்றாம் வீட்டு அத்தை. உறவு ஒன்றும் இல்லை, தெரு வழக்கத்துக்கு அத்தை. அவள் மகள் செல்வி என் வகுப்புதான், என்றாலும் என்னோடு பேசியதில்லை. அத்தை என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏட்டி, ஒத்தையில என்ன செய்யுத? நீயும் வாறியா? பிராந்திக்கடைய மூடச் சொல்லி எல்லாரும் போறோம். சாப்பாடெல்லாம் கட்டியிருக்கு."

என்னை ஒருவர் "வாறியா" என்று கேட்டது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. கடையை மூடினால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். காந்தி ஜெயந்திக்கு மூடுகிறார்கள், வருகிறார். தினமும் மூடினால் தினமும் வருவார். இதைவிடச் சுலபமான கணக்கு எந்த வகுப்பிலும் எனக்கு வந்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு ஓடினேன்.

கடைக்கு முன்னால் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. நாங்கள் ரோட்டிலேயே உட்கார்ந்தோம். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூடு மூடு, கடையை மூடு" என்று அத்தை சொல்ல, நாங்கள் திருப்பிச் சொன்னோம். என் சத்தம்தான் பெரிது. கம்பி வலைக்குப் பின்னால் ஒரே இருட்டு, யார் முகமும் தெரியவில்லை. அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று எழுந்து நின்று கத்தினேன். உங்களுக்காகத்தான் கத்துகிறேன் அப்பா, கொஞ்சம் பொறுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். பொறுமையான மனிதர்.

"இங்கன மூடினா நாளைக்கே எவனாவது தோப்புக்குள்ள கள்ளச்சாராயம் காய்ச்சுவாம்மா. அதக் குடிச்சிச் செத்தா யாரு பொறுப்பு? கவர்மெண்ட் கையில இருந்தா ஒரு கட்டுப்பாடு இருக்கும். இல்லன்னா செங்கோட்டையத் தாண்டி கேரளாவுக்குப் போய்க் குடிப்பான்."

"போகட்டும் சார்" என்றாள் அத்தை. "அம்புட்டுத் தூரம் போயிட்டு வாரதுக்குள்ள பாதி போதை தெளிஞ்சிரும்லா. இங்கன குடிச்சா அப்படியே எங்க வீட்டு நடையிலல்லா வந்து இறங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அவள் முழங்கையில் ஒரு பழைய தழும்பு இருந்தது. அவர் சொன்னதையும் இவள் சொன்னதையும் இப்போது டிவியில் கோட்டுப் போட்டவர்கள் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. அன்றைக்கு இரண்டுமே எனக்கு ஒரு பொருட்டாக இல்லை. அப்பா சாயங்காலம் வீட்டில் இருப்பாரா என்பதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசவே இல்லை.

வெயில் ஏறியது. அப்போது கடைப் பக்கத்திலிருந்து பெண் போலீஸ் ஒருத்தி வந்தாள்.

"அந்தப் பச்சப் பாவாடப் பிள்ளைய நிழல்ல உட்கார வையிங்கம்மா. யாரு பெத்த பிள்ளையோ, இந்த வெயில்ல நின்னு கத்துதுன்னு உள்ள இருக்க சூப்பர்வைசர் சொல்லுதாரு."

பச்சைப் பாவாடை கட்டியிருந்தது நான்தான்.

"பாட்டில் விக்கவனுக்குப் பிள்ளைக மேல வந்த பாசத்தப் பாரு!" என்றாள் அத்தை. "அவன் பிள்ளையா இருந்தா இப்படி நடுரோட்டுல நிக்க விடுவானா?" சொல்லிவிட்டு, என்னை மருத மரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். செல்வி தன் எலுமிச்சம்பழச் சோற்றில் எனக்குப் பாதி தந்தாள். நன்றாகத்தான் இருந்தது. தின்றுகொண்டே கம்பி வலையைப் பார்த்தேன். என்னைப் பெற்றது யார் என்று அப்பாவுக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு நான் கத்தவே இல்லை.

ஒரு மாதத்தில் கடையை மாற்றிவிடுவதாக அதிகாரி வாக்குக் கொடுத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். திரும்பி வரும்போது செல்வியும் நானும் கைகோத்துக்கொண்டு வந்தோம். அம்மா விஷயம் கேட்டு அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் காலையில் அப்பா பல் தேய்த்துக்கொண்டே என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த மூணாம் வீட்டுப் பிள்ள இப்பம் உங்கூடப் பேசுதாளா?"

"பேசுதா."

"அப்பம் சரி" என்று வாய் கொப்பளித்தார்.

சொன்ன மாதிரியே கடையை எடுத்துவிட்டார்கள். சில நாள் அப்பா வீட்டில் இருந்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அதிரசம் சுடச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். அப்பா சட்டை போடாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு போன் வந்தது. கடை செங்கோட்டைக்கும் அப்பால் போயிருந்தது. ராத்திரி கடை அடைத்த பிறகு வீடு வந்து சேர பஸ் கிடையாது. அங்கேயே ஓர் அறை பிடித்துத் தங்கிக்கொண்டார். காலையில் போன் செய்து "சாப்பிட்டியா?" என்பார். பேசி முடிப்பதற்குள் பின்னால் பாட்டில் பெட்டிகள் இறங்கும் சத்தம் கேட்கும். இனி காந்தியும் வள்ளலாரும் மனம் வைத்தால்தான் அப்பா. காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த நாட்டில் மகான்கள் போதாது என்று செல்வியிடம் சொன்னேன். அவள் படிப்பைப் பற்றி ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து ஆமாம் என்றாள்.

கடை இருந்த முக்கில் நாங்கள் பயமில்லாமல் சைக்கிள் ஓட்டினோம். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் செல்வியின் அப்பாவுக்குக் குடி நிற்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு செங்கோட்டைப் பக்கம் போக ஆரம்பித்தார். போதை பாதி தெளிந்து வருவார் என்று அத்தை போட்ட கணக்கும் பொய்த்தது. முன்பெல்லாம் அவரைத் தேடி ஆள் அனுப்புவாள். இப்போது பைக்கில் வருகிற மனுஷன் எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

செல்வியின் அப்பா சில நாள் காலையில், அத்தை அடுப்படியில் இருக்கும்போது, எங்கள் வாசல் சுவருக்கு மேலே ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை என்னிடம் நீட்டுவார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். "இந்தாட்டி, தின்னு" என்பதோடு சரி. எவ்வளவு நல்ல மாமா என்று நினைத்துக்கொள்வேன். அப்பா வாங்கிக் கொடுத்தனுப்பியது அது என்று பல வருஷம் கழித்து அம்மா சொன்னாள். அந்த வருஷம் என் அப்பாவை என்னைவிட அதிகம் பார்த்தது செல்வியின் அப்பாதான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

காந்தி ஜெயந்தி வந்தது. அப்பாவும் வந்தார். மேற்கே மலை மறையும் அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. சாயங்காலம் மொட்டைமாடியில் மத்தாப்பு. பழைய மத்தாப்பு, அதுவும் அந்த வருஷம் வெயிலே சரியாகக் கிடைக்காமல் நமுத்துப்போயிருந்தது. அப்பா ஒவ்வொரு குச்சியாக மெழுகுவத்தியில் காட்டிக்கொண்டு பொறுமையாக நின்றார். வைகாசியிலிருந்து உள்ளே வைத்திருந்ததை அப்போது கேட்டேன்.

"அன்னைக்கு ஏம்ப்பா என் பேரச் சொல்லல? யாரு பெத்த பிள்ளையோன்னு சொன்னீங்களாமே?"

அப்பா குச்சியைத் தீயிலிருந்து எடுக்கவில்லை.

"எம்பிள்ளன்னு சொல்லியிருந்தா, நீ யாரு கூடட்டி வீட்டுக்குத் திரும்பி வந்திருப்ப?"

இதென்ன கேள்வி என்று இருந்தது எனக்கு. "உங்க கூடத்தான்" என்றேன்.

அப்பா சிரித்தார். கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே செல்வி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் சரியான பதிலைச் சொல்லிவிட்டேன் என்ற சந்தோஷத்தில், அவளுக்கும் சேர்த்து இன்னொரு மத்தாப்புக் கேட்டேன்.