ஓட்டைப் பீப்பாவும் ஒழுங்கைக் குப்பையும்

குப்பையைப் பற்றிப் புத்தி சொல்லப் போகிறவனை யாரும் வீட்டுக்குள் கூப்பிட்டு இருத்துவதில்லை. வாசற் படலையில் ஒரு சிரிப்போடு கதை முடிந்துவிடும். வீடு வீடாகப் போய் நல்லது சொல்லுகிற வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் படலைச் சிரிப்பு தெரியும். நான் பிரதேச சபையின் வெளிக்கள ஊழியன். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருபது வீடுள்ள ஒடுங்கிய ஒழுங்கையொன்றைத் திருத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஓட்டை

மரக்கறித் தோலும் சருகும் போட்டுப் பசளையாக்க வீட்டுக்கொரு பீப்பா கொடுத்தோம். காற்றுப் போவதற்காக அதில் சுற்றிவரத் துளை. பயிற்சிக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து எல்லாவற்றையும் குறிப்பெடுத்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் சிவஞானம் மாஸ்டர். நன்றியுரையும் அவர்தான். இரண்டு கிழமை கழித்துப் போனால், அவருடைய பீப்பா கிணற்றடியில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது.

"அரசாங்கச் சாமான் எண்டால் ஓட்டைதானே தம்பி. பரவாயில்லை, நான் தார் வைச்சு அடைச்சுப்போட்டன்."

உக்காதது

மூன்று மாதம் கழித்துப் போனபோது, அடுத்த வீட்டு அம்மா பீப்பாவைச் சரியாகத்தான் வைத்திருந்தார். மூடியைத் திறந்தேன். பேரப்பிள்ளையின் பம்பேர்ஸ், யோகட் கோப்பை, ஒற்றைச் செருப்பு. பிளாஸ்டிக் உக்கி மண்ணாகாது என்று கூட்டத்தில் சொன்னோமே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூண்டு மாசமா மூடி வைச்சிருக்கிறன், ஒண்டும் உக்கேல்லை. உங்கடை பீப்பாவிலைதான் ஏதோ பிழை."

சிரமதானம்

ஒழுங்கையின் நடுவில் ஒரு வெறும் வளவு, ஆளில்லாத காணி. சொந்தக்காரர் கனடாவில். இருபது வீட்டுக் குப்பையும் மதில் தாண்டி அங்கேதான் விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிச் சிரமதானம் வைத்தோம். உண்மையிலேயே பாடுபட்டார்கள், மத்தியானத்துக்குள் தரை தெரிந்தது. எனக்குக் கண் கலங்கியது. பிறகு சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தோம். சாப்பிட்டு முடித்தவர்கள் சோறு கட்டியிருந்த லஞ்ச் சீற்றைச் சுருட்டி, கை கழுவும் முன்பே அந்த வளவுக்குள் எறிந்தார்கள். ஏன் அண்ணை என்று ஒருவரைக் கேட்டேன்.

"இப்பதானே துப்பரவாக்கினது, நிறைய இடம் கிடக்குது."

புகை

வளவை ஒட்டிய வீட்டில் இருப்பவர் நேசமலர் அக்கா. தையல் வேலை செய்கிறவர். ஒழுங்கையில் பீப்பாவை ஒழுங்காகப் பாவித்தது அவர் மட்டுமே. மகளுக்கு ஏழு வயது, மூச்சு முட்டுகிற இழுப்பு வருத்தம். வளவு மறுபடி நிறைந்ததும் மாஸ்டர் ஒருநாள் காலையில் நெருப்பு வைத்தார். பிளாஸ்டிக் புகை நேரே அக்கா வீட்டுக்குள் போனது. உதடு நீலம் பாரித்த பிள்ளையை ஓட்டோவில் ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். மூன்று நாள் ஒட்சிசன். நான் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடிக்கவில்லை.

"நுளம்புக் கடிக்குப் புகை நல்லது தம்பி. அந்தப் பிள்ளைக்கு முந்தியே வருத்தம்தானே."

படலையில் ஒரு பை

பிள்ளை தேறி வந்தபிறகு நேசமலர் அக்கா யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. கையுறை போட்டு, வளவில் எரியாமல் கிடந்த பைகளைப் பிரித்தார். கலியாணக் காட், மின்சாரப் பட்டியல், மருந்துத் துண்டு. எல்லாவற்றிலும் பெயர் இருந்தது. பையை மறுபடி கட்டி, அவரவர் வீட்டுப் படலையிலேயே கொழுவித் தொங்கவிட்டார். மாஸ்டர் வீட்டுக்குப் போனபோது விருந்தாளிகள் இருந்தார்கள். அங்கே மட்டும் மணியடித்து, கையிலேயே கொடுத்தார்.

"மாஸ்டர், உங்கடை சாமான் எங்கடை பக்கம் விழுந்து கிடந்தது. தவற விட்டிட்டியளாக்கும்."

ஒரு மாதம் விடாமல் கொழுவினார். இப்போது வளவு வெறுமையாகக் கிடக்கிறது, இருபது வீட்டிலும் பசளை உக்குகிறது; இதெல்லாம் எங்கள் விழிப்புணர்வுக் கூட்டத்தின் பலன் என்று மேலிடத்துக்கு அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான்தான்.