இராவணனின் ஒன்பது தலைகள்

வலக்கையில் சிறு கத்தி. இடக்கையின் இரண்டு விரல்கள் மெல்லிய கண்ணாடித்தாள் ஒன்றைப் படத்தின்மேல் அசையாமல் பிடித்திருந்தன. தாள் முழுவதும் கடுகிலும் சிறிய கறுப்புப் புள்ளிகள்; அடிப்புறம் பசை. கத்திமுனை காதோரம் இறங்கி, தாடையைச் சுற்றி, உதட்டின் விளிம்பில் ஒரு கணம் நின்று, மறுகன்னம் வழியாக ஏறியது. அழுத்தினால் அடியில் உள்ள படம் கிழிந்துவிடும். அழுத்தாவிட்டால் தாள் பிரியாது. வெட்டி முடித்ததும் கைகள் வேண்டாத பகுதியை உரித்தெடுத்தன. இங்கிலாந்தில் பச்சை முகத்தோடு பிறந்த ஒருவன், சிட்னியில் கறுத்த முகத்தோடு தன் பறக்கும் தட்டின் வாசலில் நின்றான்.

அந்தக் கைகள் சச்சிதானந்தனுடையவை. ரெட்ஃபேர்னில் ஒரு சிறிய அச்சகத்தில் அவருக்கு வேலை. இருபது வருடங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் வண்ணத்தில் வந்த விண்வெளிச் சித்திரக்கதைகளை அச்சகம் மலிவாக வாங்கி, மட்டமான தாளில் கறுப்பு வெள்ளையாக மறுபடி அச்சிட்டது. இங்கிலாந்துப் பக்கம் உயரம். இங்குள்ள புத்தகம் கட்டை. ஆகவே கட்டங்களை வெட்டிப் பிரித்து வேறு வரிசையில் ஒட்டவேண்டும். இடைவெளி விழும் இடங்களில் இன்னும் கொஞ்சம் வானம், தட்டின் மிச்ச வளைவு, ஒரு ராட்சதக் கையின் நுனி என்று வரைந்து நிரப்பவேண்டும். எது இங்கிலாந்துக்காரன் கோடு, எது தன் கோடு என்று எவரும் கண்டுபிடிக்க முடியாது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது.

கதையில் பூமியைப் பிடிக்க வருகிறவர்களின் பெயர் கோர்வக். நிறம் போனதும் அவர்களும் பூமியின் வீரர்களும் ஒரே வெள்ளையாகிவிட்டார்கள். “கடையில் புத்தகத்தைப் புரட்டும் பிள்ளைக்கு யார் கெட்டவன் என்று உடனே தெரியவேண்டும், சச்,” என்றான் அச்சகத்துப் போர்மன். “கறுப்பாக்கு.” சச்சிதானந்தன் புள்ளித்தாளை எடுத்தார். முதல் இதழுக்குப் பிறகு போர்மன் இன்னும் கறுப்பாகக் கேட்டான். அவர் தாளின்மேல் தாள் ஒட்டினார். உதட்டோரம் வெள்ளையாக ஒரு கீற்று விட்டால் உதடு தடித்துத் தெரியும் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். அதை எவரும் அவரிடம் கேட்கவில்லை.

இலங்கையில் அவர் படவரைஞர். குளங்களும் மதகுகளும் வரைந்தவர். இங்கே அந்தச் சான்றிதழ் எந்த அலுவலகத்திலும் எடுபடவில்லை. அவர்கள் குடியிருந்த மெரிலேண்ட்ஸில் யாராவது கேட்டால் மனைவி விமலாதேவி, “அவர் ட்ரோயிங் ஒபிசிலை,” என்பாள். வரையும் அறையும் ஒன்று இருந்தது. கூடவே பசைவாளியும் இருந்தது. பசைவாளியை அவள் சொல்வதில்லை. அவரும் சொல்வதில்லை.

1977இல் சிட்னித் தமிழர்கள் சிலர் சேர்ந்து கலைமகள் விழாவுக்கு நாடகம் ஒன்று தயாரித்தார்கள். இராவணன் விமானத்தில் கயிலைக்கு வந்து, மலையை அசைத்து, அகப்பட்டு, வீணை இசைத்து இறைவன் அருளைப் பெறும் கதை. இராவணனாக நடிப்பவர் இரத்தினசிங்கம்; ரயிலில் கார்ட் வேலை. ஒரு தலை அவரிடம் இருந்தது. மிச்சம் ஒன்பதும் விமானமும் பலகையில் வரைந்து, நடுவில் ஒரு துவாரம் விட்டால், அவர் பின்னால் நின்று தலையை நுழைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர் சங்கத்துச் செயலாளர் அரியரத்தினம். “எங்களிட்டை ஒரு படவரைஞர் இருக்கேக்கை வெளியிலை ஏன் போவான்?” என்று அவர் சபையில் கேட்டபோது சச்சிதானந்தனால் மறுக்க முடியவில்லை.

அவர் பலகையைக் காரேஜில் படுக்கப் போட்டு வேலை செய்தார். அச்சகத்தில் செய்வதுபோலவே முகத்தோடு முகம் குனிந்து, ஒரு தலை முடிந்து அடுத்த தலை. ஒருமுறைகூட நிமிர்த்தி வைத்துத் தள்ளி நின்று பார்க்கவில்லை. மகுடங்கள் நன்றாக வந்திருந்தன. விமலாதேவியும் மகுடங்களைத்தான் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு தேவாலய மண்டபம். இரண்டு பேர் பலகையைத் தூக்கி நிறுத்தினார்கள். இரத்தினசிங்கம் பின்னால் போய்த் தலையை நுழைத்தார்.

உடைகள் தைக்கும் கல்யாணி முதலில் வாய் திறந்தாள். அவள் மதுரைக்காரி. “ஐயோ, இதுவா விமானம்? இட்லிச் சட்டிக்கு ஜன்னல் வச்ச மாதிரி இருக்கே!”

கீழே வட்டத் தட்டு, மேலே கண்ணாடிக் குமிழி, சுற்றிலும் ஆணித்தலைகள். சிரிப்பு எழுந்தது. சச்சிதானந்தனும் சிரிக்கப் பார்த்தார். அப்போது பின்வரிசைப் பிள்ளைகள் கத்தினார்கள்: “லுக்! கோர்வக்ஸ்! கோர்வக்ஸ்!”

“அதென்ன கோர்வக்?” என்றார் அரியரத்தினம்.

“பாட் கைஸ், அப்பா,” என்றாள் அவருடைய மகள். “ஸ்பேஸிலை இருந்து வாற கறுப்பு ஆக்கள். எங்கடை பிளனெற்றைக் களவெடுக்க.”

அப்போதுதான் சச்சிதானந்தன் பலகையைத் தள்ளி நின்று பார்த்தார். சரிந்த நெற்றி. கீறலாய் மஞ்சள் கண். தடித்த உதட்டைச் சுற்றி வெள்ளைக் கீற்று. ஒன்பது மகுடங்களின் கீழும் அதே முகம். நடுவில் ஒரு மனிதனின் தலை, ஏதோ கூட்டத்தில் பிடிபட்டதுபோல. நெற்றியில் மூன்று குறி திருநீறு பூசி, வீணையும் கையுமாக வரவேண்டிய அரசனை அவர் அப்படி ஆக்கி வைத்திருந்தார்.

“என்ன சச்சி, பிள்ளையளின்ரை கொமிக்கைப் பாத்துக் கீறினீரோ?” என்று அரியரத்தினம் முதுகில் தட்டினார். “உமக்கென்ன, அங்கை பெரிய பிளானுகள் கீறிற கை. உதுக்கு நேரமில்லைப் போலை.”

தப்பிக்க ஒரு வழி. “ஓம்,” என்றார் சச்சிதானந்தன். “பாத்துத்தான்.”

விமலாதேவி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

இரத்தினசிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. தலையை வெளியே எடுத்தார். “உதுக்கை நான் இனித் தலை வைக்கமாட்டன்,” என்று சொல்லி, உடுப்பை மாற்றிக்கொண்டு போய்விட்டார். நாடகம் வருகிற சனிக்கிழமை. அந்த வேடத்துக்கு வேறு ஆள் இல்லை.

சச்சிதானந்தன் அன்றே ஒன்பது முகங்களையும் வெள்ளை பூசி அழித்தார். பென்சிலை எடுத்தார். நெற்றி சரிந்தது. அழித்து நேராக்கினார், கண் கீறலானது. கண்ணைத் திறந்தார், உதடு தடித்தது. கை தனக்குத் தெரிந்த முகத்தையே திரும்பத் திரும்பத் தந்தது. பிறர் வரைந்ததன் மிச்சத்தை வரைந்து வரைந்து, ஒரு முகத்தை எங்கே தொடங்குவது என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது.

திங்கள் மாலை வேலை முடிந்ததும் ஹோம்புஷில் இரத்தினசிங்கத்தின் வீட்டுக்குப் போனார். இரத்தினசிங்கம் சீருடையைக்கூடக் கழற்றாமல் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“நாடகத்தைக் குழப்பிப்போடாதையும், இரத்தினம். நான் வேறை முகம் கீறித் தாறன்.”

“நாடகத்திலை எனக்குக் கோவமில்லை.” அவர் கோப்பையை மேசையில் வைத்தார். “போன மாதம் பிளாக்டவுண் ரயிலிலை கதவடியிலை நிண்ட பெடியளைத் தள்ளி நில்லுங்கோ எண்டனான். ஒருத்தன் சொன்னான், கோர்வக் வந்திட்டான், இறங்கி ஓடுங்கோ எண்டு. பெட்டி முழுக்கச் சிரிச்சுது. எனக்கு விளங்கேல்லை. ஏதோ பகிடி எண்டு நானும் சேந்து சிரிச்சனான், சச்சி. நேற்று அந்த ஓட்டைக்குள்ளை நிக்கேக்கைதான் விளங்கினது, என்னத்துக்குச் சிரிச்சனான் எண்டு.”

குசினியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. “பாத்துத்தான்” என்று நேற்றுச் சொன்னதையே இன்னொருமுறை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

“அது பாத்துக் கீறினதில்லை,” என்றார் சச்சிதானந்தன். “அவங்கள் இங்கிலாந்திலை பச்சை. கறுப்பாக்கினது நான். அதுதான் என்ரை வேலை. ட்ரோயிங் ஒபிசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கொமிக் ஒட்டிறன்.”

இரத்தினசிங்கம் எதிரே உட்கார்ந்தார்.

“கறுப்பாக்கச் சொன்னவையோ?”

“ஓம்.”

“சொண்டையும்?” என்று இரத்தினசிங்கம் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

சச்சிதானந்தன் தலை குனிந்தார். “அது ஒருத்தரும் சொல்லேல்லை.”

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. இரத்தினசிங்கம் எழுந்து கதவுப் பக்கம் போனார். வெளியே போகச் சொல்லிக் கதவைத் திறக்கப்போகிறார் என்று சச்சிதானந்தன் நினைத்தார். அவர் சீருடைத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு கதிரையை இழுத்து வெளிச்சத்தின் கீழே போட்டு அதில் உட்கார்ந்தார்.

“கீறிற கொப்பி கொண்டந்தனீரோ? இரும். என்ரை மூஞ்சையைப் பாத்துக் கீறும். கோவத்தோடை ஒண்டு முதல். அது இப்ப எனக்கு நடிக்கத் தேவையில்லை.”

கோபத்துக்குப் பிறகு கர்வம். மலை அசைந்தபோது வந்த சிரிப்பு. கை நசுங்கிய வலி. வீணையில் விரல் வைக்கும்போது வரும் அடக்கம். இப்படி ஒன்பது. இரத்தினசிங்கம் ஒவ்வொன்றையும் முகத்தில் நிறுத்திப் பிடித்தார். சச்சிதானந்தன் மூக்கிலிருந்து தொடங்கினார். கை தவறும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து பார்க்கவேண்டியிருந்தது. பார்க்கும்போதெல்லாம் எதிரே உள்ள கண்களும் அவரைப் பார்த்தன. ஆனாலும் பார்த்தார். பார்க்காமல் வரைய முடியவில்லை.

அந்த வாரமும் அச்சகத்தில் கோர்வக்குகள் வந்தார்கள். ஒரு பக்கத்தைப் புள்ளி ஒட்டாமல் அனுப்பினார். போர்மன் திருப்பி அனுப்பினான். சச்சிதானந்தன் ஒட்டினார். உதட்டோரம் அந்த வெள்ளைக் கீற்று மட்டும் இந்தமுறை விழாமல் பார்த்துக்கொண்டார். அதை எவரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபத்தின் பின்கதவில் அரியரத்தினம்தான் முதலில் பலகையைப் பார்த்தார். “அட, இது எங்கடை இரத்தினமெல்லோ! உங்கடை ஒபிசிலை ஆரும் உதவினவையோ?”

“ஒபிஸ் இல்லை, அண்ணை,” என்றார் சச்சிதானந்தன். “நான் அந்தக் கொமிக் அடிக்கிற அச்சகத்திலை வேலை. அந்த முகங்களுக்குக் கறுப்புப் போடுறது நான்தான்.”

முதுகில் தட்டப்போன கையை அரியரத்தினம் இறக்கிக்கொண்டார். கதவருகே நின்ற விமலாதேவி நிலத்தைப் பார்த்தாள். உள்ளே யாரோ மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்தார்கள்.

இரத்தினசிங்கம் திருநீறு பூசிய நெற்றியோடு வந்தார். பலகையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை, ஒவ்வொரு முகமாக நின்று நின்று பார்த்தார். பிறகு குனிந்தார்.

“கீழை இன்னும் அந்தத் தட்டுத்தான்.”

“அதுக்கு நேரம் காணேல்லை.”

“இருக்கட்டும். விமானத்தை ஆர் கண்டது?” அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். “விடும்.”

சச்சிதானந்தன் பலகையை அவரிடம் கொடுத்தார்.